மகளோட மோட்டாரில் வந்த கீச் சத்தம்



இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போடுவது பூஜை நேரம், உபயக்காரர்கள் பட்டியல், அன்னதானப் படங்கள், அவ்வளவுதான். இன்று ஒரு பழைய மோட்டாரைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். கோயில் பக்கத்தில் மோட்டார் கதை எதுக்குன்னு கேட்கிறவங்க பாதி வரைக்கும் பொறுமையா படிங்க. பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள் ராத்திரி சமையல் கூடத்தில் காய் வெட்டினவங்களுக்கு இது எதுக்குன்னு இந்நேரம் புரிஞ்சிருக்கும்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் மகளுக்கு ஒரு ஈஎக்ஸ்5 வாங்கினேன். செகண்ட் ஹேண்ட். மகளுக்கு பாயான் லெப்பாஸில் வேலை, காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. நாங்கள் இருப்பது பிறையில். கம்பெனி பஸ் எங்கள் தாமான் பக்கம் வருவதை நிறுத்திட்டாங்க. கார் வாங்கிக் கொடுக்கிற நிலைமை இப்போ இல்லை. மோட்டார்னா பாலத்தில் டோல் கிடையாது, 2019-லேயே எடுத்துட்டாங்க. எண்ணெயும் ரொம்பக் குடிக்காது. நானே முப்பது வருஷமா கப்சாய் ஓட்டித்தான் வேலைக்குப் போறேன், அதனால் எனக்கு அது பெரிய விஷயமா தெரியல. என் மனைவிக்குத்தான் பயம்.

வண்டியைக் கொடுத்தவர் நம்ம கோயிலுக்கு வரும் ஒரு பெரியவர். என் பேரைப் போடாதேன்னு அவரே சொல்லிட்டார், அதனால் போடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மண்டபத்து ஓரத்தில் உட்கார்ந்து மாலை கட்டுவார். வழக்கமா வர்றவங்களுக்குத் தெரியும். கண் பார்வை முன்ன மாதிரி இல்லை, இனி ஓட்டக் கூடாதுன்னு பிள்ளைங்க சாவியை வாங்கி வச்சிட்டாங்க. 1,900 வெள்ளிக்குக் கொடுத்தார். வெளியில் கேட்டா இன்னும் நானூறு ஐந்நூறு கூடச் சொல்வாங்க.

மீட்டரில் 31 ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் காட்டியது. வண்டி வயசுக்கு அது ரொம்பக் குறைவு. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை அவரும் பார்த்திருப்பார் போல. "தம்பி, அந்த மீட்டரைப் பார்த்து வாங்காதே. வண்டியைப் பார்த்து வாங்கு" என்றார். பெரியவங்க பேச்சுக்குச் சொல்ற மாதிரி எடுத்துக்கிட்டேன். தாமானுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் சுத்தமா இருந்துச்சு. கியர் நாலும் தட்டுப்படாமல் விழுந்துச்சு. முள் நகருதா இல்லையான்னு நான் பார்க்கவே இல்லை. தாமானுக்குள்ள யாரு மீட்டரைப் பார்த்து ஓட்டுறாங்க?

பேர் மாத்தின கையோட ஒரு மோட்டார் கடையில் விட்டேன். "பொம்பளைப் பிள்ளை பாலத்துல ஓட்டப் போற வண்டி, எல்லாத்தையும் பார்த்துச் சரி பண்ணிடுங்க" என்று சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டேன். சாயந்திரம் போனபோது ரெண்டு டயர், செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, எண்ணெய் எல்லாம் மாத்தி வச்சிருந்தாங்க. 310 வெள்ளி. ரசீதை மடிச்சு கிராண்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையில் சொருகினேன். படிக்கவில்லை. அந்த ரசீதைப் படித்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

மூன்றாவது நாள் மகள் வந்து சொன்னாள். "ப்பா, பாலத்துல போறப்போ வண்டி கத்துது."

எப்படிக் கத்துதுன்னு கேட்டேன். கரும்பலகையில் சாக்கட்டியை நேரா பிடிச்சு இழுத்தா எப்படி இருக்கும், அப்படி. முதலில் விட்டு விட்டு வருமாம், அப்புறம் நீளமாக் கீச்சுன்னு இழுக்குமாம். பக்கத்தில் போற மோட்டார்க்காரங்க திரும்பிப் பார்க்கிறாங்களாம்.

பினாங்கு பாலத்தை மோட்டாரில் கடந்தவங்களுக்குத் தெரியும். பதின்மூன்றரை கிலோமீட்டர். இடது ஓரமாப் போகணும், வலது பக்கம் லாரி, இடது பக்கம் தடுப்பு, அதுக்கு அந்தப் பக்கம் கடல். நடுவில் காற்று தள்ளும். காலையில் ஆறேகாலுக்கு இன்னும் இருட்டு. நான் தொழிற்சாலையில் பேரிங் போன கன்வேயரை எத்தனையோ பார்த்திருக்கேன். முதல் வாரம் கத்தும். ரெண்டாவது வாரம் சூடேறும், கருகின வாடை வரும். அப்புறம் ஒரு நாள் பிடிச்சுக்கிட்டு நின்னுடும். கன்வேயர் நின்னா நான் ஒரு ரிப்போர்ட் எழுதினா போதும். அறுபது வேகத்தில் போற மோட்டாரின் முன் சக்கரம் அப்படிப் பிடிச்சா? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவி மறுநாளிலிருந்து மகள் "வந்துட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் போடும் வரைக்கும் பசியாறாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்து தாமானுக்குள் ஓட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. கடைக்குக் கொண்டு போனேன். பெரிய ஸ்டாண்ட் போட்டு, கியரைப் போட்டு, முறுக்கிப் பார்த்தாங்க. சத்தம் இல்லை. (இதை யோசிச்சுப் பாருங்க. ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை முறுக்கினால் சுத்துறது பின் சக்கரம் மட்டும்தான். முன் சக்கரம் சும்மா நிக்கும். இது அன்று எனக்கும் தோணல, கடைக்காரங்களுக்கும் தோணல.) எதுக்கும் முன் சக்கரத்துப் பேரிங்கை மாத்திடுவோம்னாங்க. மாத்தினாங்க. 45 வெள்ளி. திங்கட்கிழமை காலையில் பாலத்தில் அதே சத்தம்.

வேறொரு கடைக்குப் போனேன். அங்கே இருந்த போர்மேன் காதைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, எஞ்சினுக்குள் செயின் தளர்ந்திருக்கு, டென்ஷனர் மாத்தணும்னார். 180. மாத்தினேன். சத்தம் போகலை. அங்கே வேலை செய்யும் ஒரு பையன் கை துடைச்சுக்கிட்டே சொன்னான்: "அங்கிள், இந்த வயசு வண்டிக்கு இவ்ளோ கம்மி மைலேஜ் இருக்காது. மீட்டரைத் திருப்பி வெச்சு வித்துட்டாங்க."

அந்த ஒரு வார்த்தை எனக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு.

அன்றைக்கே பெரியவருக்குப் போன் போட்டேன். "ஐயா, இந்த வண்டி உங்ககிட்ட இருந்தப்போ கீச்சுன்னு ஒரு சத்தம் வந்துச்சா?"

"சத்தமா? என்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு சத்தமும் இல்லையேப்பா."

நான் அதுக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சரிங்கய்யான்னு வச்சிட்டேன். மனசுக்குள் மட்டும் கணக்குப் போட்டுக்கிட்டேன். மீட்டர் பொய், இவர் சொல்றதும் பொய். இத்தனை வருஷம் ஓட்டினவருக்கா தெரியாது?

பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள் ராத்திரி சமையல் கூடத்தில் பூசணிக்காய் வெட்டிக்கிட்டிருந்தோம். யாரோ மகள் மோட்டார் எப்படி ஓடுதுன்னு கேட்டாங்க. நான் சொன்னது இதுதான், மாத்தாமல் எழுதுகிறேன்: "கோயில்ல பார்த்துப் பழகினவரு, வயசானவருன்னு நம்பி வாங்கினேன். மீட்டரைத் திருப்பி வச்சு என் தலையில கட்டிட்டாரு. மாலை கட்டுற கை அது." நாலைந்து பேர் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஒருத்தர் மட்டும் "அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லையே" என்றார். "மோட்டார் விக்கிறப்போ எல்லாரும் அப்படிப்பட்ட ஆள்தான்" என்று நான் பதில் சொன்னேன். மறுநாள் குழுவில் ஒருத்தர் பேர் போடாமல் ஒரு கிண்டல் வரியும் போட்டார். யாரைச் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மண்டபத்து ஓரம் காலியா இருந்தது. வெள்ளியும் வரலை. முட்டி வலியாம்னு யாரோ சொன்னாங்க. நானும் முட்டி வலின்னே நம்பிக்கிட்டேன். நம்புறதுக்கு எனக்கு வசதியா இருந்துச்சு.

இனி சத்தத்துக்கு வருகிறேன்.

ரெண்டு கடைக்கும் காசு கொடுத்து ஓய்ந்த பிறகுதான் நாமே முறையா பார்ப்போம்னு உட்கார்ந்தேன். என் வேலையே அதுதான். லைனில் ஒரு மெஷின் கத்தினால் நான் முதலில் பாகத்தை மாத்த விட மாட்டேன். எப்போ கத்துது, எப்போ கத்தல, எதைச் செய்தால் மாறுது, எதைச் செய்தாலும் மாறல. இதைத்தான் என் பிள்ளைங்ககிட்ட தினமும் கத்திச் சொல்றேன். வீட்டு வண்டிக்கு மட்டும் பேரிங்கை மாத்து, டென்ஷனரை மாத்துன்னு காசை இறைச்சிருக்கேன்.

ஒரு நாள் லீவு போட்டு, காலையில் ஆறு மணிக்கு நானே பாலத்தில் ஓட்டினேன். கேட்டுட்டேன். ஐம்பதைத் தாண்டினதும் ஆரம்பிக்குது. தாமானுக்குள் முப்பதில் ஓட்டினால் எப்படி வரும்? பாலத்தில் வேற எதையும் சோதிக்க முடியாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தொழிற்பேட்டை ரோட்டுக்குப் போனேன். அன்றைக்கு அங்கே லாரி கிடையாது.

ஐம்பத்தைந்துக்குக் கொண்டு போய்ச் சத்தம் வந்ததும் நியூட்ரலுக்குத் தட்டி, முறுக்கை விட்டேன். எஞ்சின் அடங்கிடுச்சு, சத்தம் அடங்கல. வண்டி வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைஞ்சுது. அப்போ எஞ்சினுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. 180 வெள்ளி போச்சு. செயினும் இல்லை, ஏன்னா செயினாக இருந்தால் இழுக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறணும். அடுத்து பிரேக். ஈஎக்ஸ்5-க்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். ஷூ உரசிக் கத்துதுன்னா, லேசா பிரேக்கைத் தொட்டாலே ஒன்று நிற்கும், இல்லை மாறும். முன் பிரேக்கைத் தொட்டேன், பின் பிரேக்கைத் தொட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. வளைச்சு வளைச்சு ஓட்டினேன். பேரிங்காக இருந்தால் பாரம் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் ஏறி இறங்கும். அதுவும் இல்லை. நிறுத்தி ரெண்டு சக்கரத்து நடுவிலும் கை வச்சுப் பார்த்தேன். ரெண்டும் குளிர்ச்சி. உரசி உரசித் தேயுற எதுவும் அஞ்சு கிலோமீட்டர் ஓடின பிறகு குளிர்ச்சியா இருக்காது. அதோடு பேரிங் போனால் 'கர்'ருன்னு அரைக்கும், பெரும்பாலும் இப்படி மெல்லிசா கீச்சிடாது. தொழிற்சாலையில் நீள ஸ்குரூ டிரைவரை மோட்டார் மேல் வச்சு, பிடியைக் காதில் வச்சுக் கேட்போம், டாக்டர் மாதிரி. ஓடுற வண்டியில் அதைச் செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்து எஞ்சினுக்கு அடியில் கட்டை வச்சு முன் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுத்தினேன். சத்தமே இல்லை. கையால் எவ்வளவு வேகம் சுத்த முடியும்? அப்படியே அஞ்சடியில் உட்கார்ந்துட்டேன். மகள் மைலோ கலக்கிக் கொண்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தாள்.

"ப்பா, அது கத்துறப்போ முள்ளைப் பார்த்தீங்களா?"

"என்ன முள்ளு?"

"மீட்டர் முள்ளு. சத்தம் வர்றப்போ நடுங்கும். நின்னுட்டா அதுவும் நின்னுடும்."

"ஏம்மா இத முன்னாடியே சொல்லல?"

"நீங்க எங்கேருந்து சத்தம் வருதுன்னுதானே கேட்டீங்க. அது எனக்குத் தெரியலன்னேன். வேற ஒண்ணும் கேக்கலையே."

ஆபரேட்டரைக் கேட்காமல் மெஷினைப் பிரிக்காதேன்னு நான் இருபது வருஷமா மத்தவங்களுக்குப் பாடம் எடுக்கிறவன். தினமும் அந்த வண்டியில் உட்கார்ந்து போற ஆபரேட்டர் என் வீட்டிலேயே இருந்திருக்கா.

இந்த வண்டியில் மீட்டர் எப்படி ஓடுதுன்னா, முன் சக்கரத்து நடுவில் சின்னதா ஒரு பல்சக்கரம் இருக்கும். அதிலிருந்து ஒரு கேபிள் மேலே ஹேண்டில் வரைக்கும் போகும். கறுப்பு உறைக்குள் கம்பி முறுக்கின மாதிரி ஒரு கயிறு, சக்கரம் சுத்தச் சுத்த அதுவும் சுத்தும். கீழே ஒரே ஒரு ஸ்குரூதான். அதைக் கழற்றி, கேபிளை இழுத்து, ஹேண்டில் பக்கமாக் கட்டி வச்சுட்டு, மறுபடியும் தொழிற்பேட்டை ரோட்டுக்குப் போனேன். அறுபது. எழுபது. சத்தம் இல்லை. திரும்பி வந்து இன்னொரு தடவை போனேன். இல்லை. ஹெல்மெட்டுக்குள்ளேயே முருகான்னு கத்திட்டேன்.

வண்டி கத்துறதாலே யாருக்கும் ஆபத்து இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுது. சக்கரம் நல்லா இருக்கு, பிரேக் நல்லா இருக்கு, என் பிள்ளை பாலத்தில் விழ மாட்டா. அதோடு விட்டிருந்தால் எனக்கு நிம்மதிதான். ஆனால் வீட்டுக்கு வந்து கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. வண்டியில் மற்ற கேபிள், வயர் எல்லாம் வெயிலில் வெளுத்து, தூசி ஏறிக் கிடக்கு. இது மட்டும் பளபளன்னு புதுசு.

கிராண்டு உறையைத் திறந்து ரசீதை எடுத்தேன். டயர் 2. செயின் செட் 1. பிரேக் ஷூ. எண்ணெய். கடைசி வரியில் 'மீட்டர் கேபிள் 1', பக்கத்தில் 12.00.

அந்தக் கடைக்கே போய்க் கேட்டேன். "பழசு அறுந்து தொங்கிட்டு இருந்துச்சு அங்கிள். துருப் பிடிச்சு ரொம்ப நாளாயிருக்கும். நீங்கதானே எல்லாத்தையும் சரி பண்ணச் சொன்னீங்க" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. சொன்ன வேலையைச் செய்திருக்கார், ரசீதிலும் எழுதியிருக்கார்.

கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்னேன். கேபிள் அறுந்திருந்தால் மீட்டர் ஓடாது. மீட்டர் ஓடலைன்னா கிலோமீட்டர் ஏறாது, 31 ஆயிரத்திலேயே நிக்கும். யாரும் திருப்பி வைக்கவில்லை, அது நின்னு போயிருக்கு. "அந்த மீட்டரைப் பார்த்து வாங்காதே"ன்னு அவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னது பேச்சுக்கு இல்லை. மீட்டர் சுத்தலைன்னா கத்தவும் கத்தாது. "என்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு சத்தமும் இல்லையே"ன்னு அவர் போனில் சொன்னதும் அட்சரம் பிசகாத உண்மை. சத்தத்தை வண்டிக்குள் கொண்டு வந்தது நான் கொடுத்த 12 வெள்ளி.

மிச்ச வேலையை முடிச்சுட்டு அவரைப் பார்க்கப் போவோம்னு நெனச்சேன். உண்மையைச் சொன்னால், போறதைத் தள்ளிப் போட அது ஒரு சாக்கு. புதுக் கேபிள் ஏன் கத்துதுன்னு தெரியாமல் போக மனசு வரலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

கேபிளை மேலே மீட்டரிலிருந்தும் கழற்றி, கீழ் முனையை பேட்டரி டிரில்லில் பிடிச்சு, தனியா சுத்த விட்டேன். சத்தம் இல்லை. திரும்ப மேலே மீட்டரில் மாட்டிட்டு, கீழேயிருந்து டிரில்லால் சுத்தினேன். (எந்தப் பக்கம்னு பார்த்துச் சுத்தணும். தப்பான பக்கம் சுத்தினால் முள் மேலே ஏறாமல் கீழ்ப் பக்கமாவே முட்டும்.) முள் ஏறிச்சு. ஐம்பதைத் தாண்டினதும் வீட்டு அஞ்சடியிலேயே கீச்சுன்னு ஒரு கத்து. பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடிடுச்சு. மனைவி உள்ளேயிருந்து "அதேதான், அதேதான்" என்றாள். அவள் அந்தச் சத்தத்தை அதுக்கு முன்னாடி கேட்டதே இல்லை. மகள் வாயால் செய்து காட்டினதுதான்.

மீட்டருக்குள் கேபிள் ஒரு காந்தத்தைச் சுத்தும். அதுக்குப் பக்கத்தில், தொடாமல், அலுமினியத்தில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். காந்தம் வேகமாகச் சுத்தினால் கிண்ணமும் கூடவே இழுபடும், மெல்லிசா ஒரு ஸ்பிரிங் அதைப் பிடிச்சு வைக்கும். அந்த இழுபறியில்தான் முள் ஏறி இறங்குது. காந்தத்தைத் தாங்குற அச்சு ஒரு சின்ன புஷ்ஷுக்குள் சுத்தும், அதில் போட்ட கிரீஸ் பல வருஷத்தில் காய்ஞ்சு போயிடும். காய்ஞ்சால் அச்சு வழுக்கிச் சுத்தாமல் பிடிச்சுப் பிடிச்சு விடும். சாக்கட்டி கத்துறதும் அதே காரணம்தான். முள் நடுங்கினதும் அதனால்தான். அந்த அதிர்வு கேபிள் வழியா கீழே இறங்கி முன் சக்கரத்து வரைக்கும் போகும், அதனால் காதை எங்கே வச்சாலும் அங்கேருந்து வர்ற மாதிரியே இருக்கும். பழைய கேபிள் அறுந்ததுக்கும் இதுவே காரணமா இருந்திருக்கலாம். மேலே இறுகினால் கீழே முறுக்குத் தாங்காது. அறுந்ததை மாத்தின நாங்க யாரும் ஏன் அறுந்துச்சுன்னு கேட்கலை.

வைத்தியம் ரொம்பச் சின்னது. என் மனைவியின் தையல் மெஷின் எண்ணெய். மீட்டரைக் கழற்றித் தலைகீழாப் பிடிச்சு, கேபிள் மாட்டுற துவாரத்தில், அச்சு ஓரமா, ஊசி முனையில் ஒரே ஒரு சொட்டு. அரை மணி நேரம் விட்டு இன்னொரு சொட்டு. அதிகமா ஊற்றக் கூடாது, உள்ளே கிண்ணத்துக்கு எண்ணெய் போயிட்டா முள் கண்டபடி காட்டும். கேபிளுக்கும் லேசா கிரீஸ் தடவலாம், ஆனால் மேலே மீட்டர் பக்கம் ஒரு சாண் தடவாமல் விடணும், இல்லைன்னா அது ஏறி மீட்டருக்குள் போயிடும். துரு எடுக்கிற ஸ்பிரேயை அடிக்காதீங்க. அன்றைக்குச் சத்தம் நிற்கும், கொஞ்ச நாளில் காய்ஞ்சதும் திரும்ப வரும். டிரில்லில் சுத்திப் பார்த்தேன், நாற்பது, அறுபது, எண்பது. ஒரு சத்தம் இல்லை. மறுநாள் மகள் பாலம் தாண்டியதும் "வந்துட்டேன், கத்தல" என்று போட்டாள்.

அன்று சாயந்திரம் வேலை முடிந்து நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மோட்டாரை எடுத்துக்கிட்டுத்தான் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். வா என்றார், ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் ஆரம்பிக்கிறதுக்குள், "முதல்ல வண்டியைக் காட்டு" என்றார். கிட்டக் கொண்டு போய் நிறுத்தினேன். கையால் தடவிப் பார்த்தார், புது டயரை அழுத்திப் பார்த்தார். நான் கேபிள் கதையை முழுசும் சொன்னேன்.

"கேபிள் அறுந்து நாலு வருஷம் இருக்கும்ப்பா. பசாருக்கும் கோயிலுக்கும் போற வேகத்துக்கு எனக்கு எதுக்கு மீட்டர்? அதான் உன்கிட்ட அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்கய்யா. நான்தான் காதுல வாங்கல."

அதுக்கப்புறம் சமையல் கூடத்தில் நான் பேசினதைச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும். அன்னிக்கு ராத்திரியே வந்துடுச்சு. மாலை கட்டுற கைன்னு சொன்னியாமே."

நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவர் வீட்டு அம்மா கோப்பி கொண்டு வந்து வச்சாங்க, ஒன்றும் பேசாமல் உள்ளே போயிட்டாங்க. ரொம்ப நேரம் கழிச்சு அவர்தான் சொன்னார். "நாப்பது வருஷம் லாரி ஓட்டினேன். ஒரு மூட்டை குறைஞ்சதுன்னு எவனும் சொன்னதில்ல. நீ ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமேப்பா."

மன்னிச்சிடுங்கய்யான்னேன். சரி, கோப்பி ஆறுதுன்னார். மன்னிச்சேன்னு சொல்லவில்லை. வற்புறுத்தி வாங்குற பொருள் இல்லை அது, நானும் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கிறேன், நம்ம கோயில் பக்கத்திலேயே எழுதட்டுமான்னு மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசிச்சார். "எழுது. என் பேரைப் போடாதே. உன் மகள் பேரையும் போடாதே" என்றார்.

அதனால்தான் இந்தப் பதிவு. அன்று ராத்திரி சமையல் கூடத்தில் இருந்தவங்களே, குழுவில் அந்த வரியைப் படிச்சவங்களே, நான் சொன்னது பொய். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கூட மாத்திப் பேசவில்லை. அந்த விலைக்கு அந்த வண்டி எனக்கு வேறு எங்கேயும் கிடைத்திருக்காது. குழுவில் அதைப் போட்ட தம்பி, நீங்களும் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்தா நல்லது. நான் சொல்லித்தான் நீங்க போட்டீங்க, அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

நேற்று வெள்ளிக்கிழமை அவர் வந்திருந்தார். அதே மண்டபத்து ஓரம். அரளியும் மருக்கொழுந்தும் முன்னால் குவிஞ்சு கிடந்துச்சு. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு மாலை கட்ட வராது, பூவை இணை இணையா எடுத்துக் கொடுக்க மட்டும் தெரியும். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. தீபாராதனை மணி அடிக்கப் போற நேரத்தில்,

"முள்ளு இப்ப ஆடுதா?" என்றார்.

"இல்லைங்கய்யா."

"ம். அந்த நாரை எடு."

சித்ரா பௌர்ணமி பால்குடத்துக்கு இன்னும் பேர் கொடுக்காதவங்க அடுத்த வெள்ளிக்குள் அலுவலகத்தில் கொடுத்துடுங்க. அன்னதானத்துக்குக் காய் வெட்ட முதல் நாள் மாலை 6 மணிக்கு ஆள் வேணும், கத்தியும் பலகையும் கோயிலிலேயே இருக்கு. பாலத்தில் வர்ற மோட்டார்க்காரங்க யாருக்காவது இந்த மாதிரி சத்தம் இருந்தா, பேரிங் மாத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட கொண்டு வாங்க, டிரில்லும் தையல் மெஷின் எண்ணெயும் என் வீட்டில் இருக்கு.

ஓம் சரவணபவ.